சான் ரஃபேல் புதர்க்காட்டில் தனியாக நான்கு நாள்: மைலை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "சான் ஹோசேயில் வேலை பார்க்கிறேன். யோசெமிட்டியில் நண்பர்களோடு சில முறை பேக்பேக்கிங் போயிருக்கிறேன். வருகிற ஏப்ரலில் தனியாக நான்கு நாள், சாண்டா பார்பராவுக்குப் பின்னால் இருக்கும் சான் ரஃபேல் வில்டர்னஸில் மன்ஸானா – சிஸ்குவாக் சுற்றுப்பாதையை நடக்க ஆசை. எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும்? பாம்பு, கரடி பயம் உண்டா? வீட்டில் தனியாகப் போகவே கூடாது என்கிறார்கள். போகலாமா?"

போகலாம். ஆனால் அந்த முழுச் சுற்றை முதல் தடவையே தனியாக நடக்க வேண்டாம். பாம்பையும் கரடியையும் நினைத்து இதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் காட்டில் ஒருவரின் திட்டத்தைக் கவிழ்ப்பவை இரண்டே இரண்டு: தண்ணீர், புதர். இரண்டுமே வரைபடத்தில் தெரியாது. யோசெமிட்டி அனுபவம் உங்களுக்குக் கூடாரம் அடிக்கவும் அடுப்பு பற்றவைக்கவும் கைகொடுக்கும். இந்த இரண்டு விஷயத்தில் அதை நம்பினால் தவறாகக் கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

யோசெமிட்டியில் பாதை என்பது பல தலைமுறை ஆட்கள் நடந்து தேய்ந்த தடம். வழி தவறினால் அரை மணியில் யாராவது எதிரே வருவார்கள். மரநிழல் உண்டு, பனி உருகி ஓடும் ஓடை மைலுக்கு ஒன்று உண்டு. இங்கே வார நாளில் காலையிலிருந்து மாலைவரை நடந்தாலும் ஒரு மனித முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். சரிவு முழுக்க ஷாப்பரல் என்ற அடர்ந்த புதர்க்காடு. சமீஸ், மன்சனிட்டா, சியனோத்தஸ், புதர் ஓக் என்று எல்லாமே சின்ன, கெட்டியான இலை கொண்ட செடிகள். உயரம் ஒரு ஆளுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். அதாவது, உங்கள் பார்வையை மறைக்கும் அளவு உயரம், நிழல் தராத அளவு குட்டை.

புதரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. 2007 ஜூலை 4 அன்று ஒரு பண்ணையில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய இரும்பைத் தேய்த்தபோது பறந்த பொறியில் பற்றியது ஸாக்கா தீ. இரண்டு மாதம் எரிந்து 2,40,000 ஏக்கருக்கு மேல் கருக்கியது. சான் ரஃபேல் காட்டின் பெரும்பகுதி அதில் போனது. ஷாப்பரல் எரிந்தால் அப்படியே செத்துப்போவதில்லை. சமீஸும் புதர் ஓக்கும் வேர்முண்டிலிருந்து மறுபடி தளிர்க்கும். சியனோத்தஸ் வகைகள் பலவற்றின் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்து, தீயின் சூடு பட்ட பிறகுதான் முளைக்கும். எரிந்த இடத்தில் எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் ஒரே உயரத்துக்கு நெருக்கி வளரும். அந்த நெருக்கத்துக்குள் பாதை காணாமல் போய்விடும்.

சரி, வெட்டிச் சீர் செய்யலாமே என்றால், இது 1964 வில்டர்னஸ் சட்டத்தின் கீழ் 1968இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இடம். மோட்டார் ரம்பத்துக்கு அனுமதி இல்லை. தன்னார்வலர்கள் கை ரம்பமும் கத்தரியும் சுமந்துபோய், நாள் முழுக்க வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பாதையைத் திறக்கிறார்கள். திறந்த பாதையும் நாலைந்து மழைக்காலத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். அதனால் ஒரு பாதை வரைபடத்தில் கோடாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சான் ரஃபேல் அடங்கிய லாஸ் பாட்ரெஸ் தேசியக் காட்டுக்காக இயங்கும் லாஸ் பாட்ரெஸ் ஃபாரஸ்ட் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு 'ஹைக் லாஸ் பாட்ரெஸ்' என்ற தளத்தில் ஒவ்வொரு பாதைக்கும் நடந்தவர்கள் எழுதும் நிலவரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் கடைசியாக யார் எப்போது போனார்கள், எந்த இடத்தில் திரும்பினார்கள் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் எழுதாத பகுதியை மூடிக்கிடக்கும் பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடிய புதரில் நடப்பது எப்படி இருக்கும் என்று ஒரு படம் தருகிறேன். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு தோளால் தள்ளிப் போக வேண்டும். மன்சனிட்டாவின் சிவந்த வழவழப்பான கிளை வளையாது. நீங்கள்தான் வளைய வேண்டும். பேக்கின் பக்கப் பையில் செருகிய தண்ணீர்ப் பாட்டிலை ஒரு கிளை பிடித்து இழுத்துக்கொள்ளும், சத்தமே கேட்காது. அரை மைல் போன பிறகு கை பின்னால் போகும்போதுதான் பாட்டில் இல்லை என்று தெரியும். வெளியே கட்டிய நுரைப்பாய் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். முழங்கால் உயரத்தில் யுக்கா செடி இலையின் ஊசி நுனி காத்திருக்கும். கீழே பாதை இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. பாதம் சமதளத்தில் படுகிறதா, சரிவில் படுகிறதா என்பதை வைத்துத்தான் பாதைமேல் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்படி ஒரு மணி நேரம் போனால் அரை மைல் தாண்டுவதே பெரிய விஷயம். திறந்த பாதையில் அதே ஒரு மணியில் இரண்டு மைல் நடப்பீர்கள்.

இப்போது இதைத் தண்ணீரோடு சேர்த்துப் பாருங்கள். அடுத்த தண்ணீர் ஐந்து மைலில், இரண்டரை மணி நேரம், ஒன்றரை லிட்டர் போதும் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறீர்கள். நடுவில் இரண்டு மைல் புதர் மூடிக்கிடந்தால் அதற்கு மட்டுமே நாலு மணி நேரம். வெயிலில், கூடுதல் உழைப்போடு. உங்கள் ஒன்றரை லிட்டர் பாதியிலேயே தீர்ந்திருக்கும். இந்தக் காட்டில் பலர் சிக்குவது இப்படித்தான். அதனால் நான் சொல்லும் முதல் விதி, தண்ணீரை மைலுக்கு இத்தனை என்று எடுக்காதீர்கள், மணிக்கு இத்தனை என்று எடுங்கள். இதமான காலையில் மணிக்கு அரை லிட்டர், 30 டிகிரி தாண்டும் மதியத்தில் ஏறுமுகமாக இருந்தால் ஒரு லிட்டர். சமையலுக்கும் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் தனியாக இரண்டு லிட்டர். ஓடையோரம் நடக்கும் நாளில் இரண்டு லிட்டர் கையில் இருந்தால் போதும். தண்ணீர் இல்லாத இடத்தில் இரவு தங்குவதென்றால் ஐந்து, ஆறு லிட்டர், அதாவது ஐந்து, ஆறு கிலோ. இவ்வளவும் கொள்ளும் பாத்திரம் உங்களிடம் எப்போதும் இருக்க வேண்டும், காலியாகவாவது. மடக்கும் இரண்டு லிட்டர்ப் பை இரண்டு வாங்கினால் எடை ஒன்றுமில்லை.

ஒரே பெரிய குடுவையில் எல்லாத் தண்ணீரையும் வைக்காதீர்கள். உறிஞ்சு குழாய் வைத்த பையை மட்டும் நம்பிப் போனால் ஒரு முள் போதும். குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள், அதில் ஒன்று பேக்கின் உள்ளே நடுவில் இருக்கட்டும்.

தண்ணீர் எங்கே இருக்கும் என்பது தனிக் கலை. எனக்கு இந்தக் காட்டில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். மழையில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் பெய்துவிடும். அதன்பிறகு ஆறு ஏழு மாதம் வானம் பொய்த்தே கிடக்கும். ஏப்ரலில் நல்ல மழை பெய்த வருடமென்றால் மன்ஸானா ஓடை முழங்கால்வரை ஓடும். வறண்ட வருடமென்றால் அதே ஏப்ரலில் அங்கங்கே குட்டையாக நிற்கும். மேலே நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் மரங்களே சொல்லிவிடும். வெண்பட்டை சைக்கமோர் மரங்கள் மட்டும் வரிசையாக நின்றால் ஆற்று மணலுக்குக் கீழே ஈரம் உண்டு, மேலே தண்ணீர் இருக்கும் என்று உறுதி இல்லை. ஆல்டர் மரம் நின்றால் நம்பிக்கையோடு இறங்கலாம். வருடம் முழுக்கத் தண்ணீர் காலடியில் இல்லாமல் அது வளராது. மணற்படுகையில் ஓடை மறைந்துவிட்டால் அங்கேயே தோண்டிக்கொண்டு நிற்காமல், பள்ளத்தாக்கு குறுகிப் பாறை குறுக்கே வரும் இடம்வரை போய்ப் பாருங்கள். மண்ணுக்குள் போன நீர் பாறையில் முட்டித்தான் மேலே வரும். இன்னொன்று, சின்ன ஓடைகளில் விடியற்காலை ஓட்டம் அதிகம், மதியத்துக்கு மேல் குறைவு. கரையோர மரங்கள் பகலில் உறிஞ்சிவிடுகின்றன. மாலையில் சொட்டிக்கொண்டிருந்த ஊற்று காலையில் மெல்லிய ஓட்டமாக இருப்பதைப் பார்க்கலாம். முக்கியமான தண்ணீர் நிரப்புதலைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீரையும் வடிகட்டாமல் குடிக்காதீர்கள். எரிந்த சரிவுகளிலிருந்து வரும் நீரில் வண்டல் அதிகம், ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முகர்ந்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் கால் மணி நேரம் தெளியவிட்டு, மேலாக எடுத்து வடிகட்டுங்கள். ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவும் சிரிஞ்சை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். கூடவே குளோரின் மாத்திரை ஒரு பட்டை. எடையே இல்லை, ஃபில்டர் உடைந்தால் அதுதான் துணை.

தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய், இரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். பார்ப்பதற்கு வெயில் தாக்கியது போலவே இருக்கும், இன்னும் தண்ணீர் குடிக்கத் தோன்றும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாளுக்கு ஒன்று, அப்புறம் கடிக்க உப்பு நெல்லிக்காய், நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு. நம் சாப்பாடு இந்த விஷயத்தில் மிகவும் வசதி.

சாப்பாட்டில் இன்னொரு யோசனையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சமாவது நெருப்பில்லாமல் சாப்பிடக்கூடிய பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைவாக இருக்கும் இரவில் சமைக்க மனம் வராது. காற்று பலமாக வீசினால் இந்தக் காட்டில் அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது. கெட்டி அவல் பச்சைத் தண்ணீரில் கால் மணியில் ஊறிவிடும். புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி, வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி சேர்த்தால் முழுச் சாப்பாடு. பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் கலந்து வைத்துக்கொண்டால் காலைக்கு ஆயிற்று.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சான் ரஃபேலில் இரவு தங்க யோசெமிட்டி போல முன்பதிவோ குலுக்கலோ கிடையாது. ஆனால் கேஸ் அடுப்பு பற்றவைப்பதற்கும்கூட கலிபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இணையத்தில் ஒரு சின்னக் காணொளி பார்த்து, கேள்விக்குப் பதில் சொன்னால் இலவசமாகத் தருவார்கள். தீத்தடையின் நிலை பருவத்துக்கு ஏற்ப மாறும், கிளம்பும் வாரத்தில் ரேஞ்சர் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெர்மிட் கையில் இருந்தாலும் விறகு மூட்டிக் குளிர்காய வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். ஸாக்கா தீ ஒரு பொறியில் தொடங்கியது. ஷாப்பரல் தீக்குப் பழகிய காடு என்று சொல்லிச் சிலர் சமாதானம் செய்துகொள்கிறார்கள். முப்பது, நாற்பது வருடத்துக்கு ஒருமுறை எரிந்தால்தான் அது மீளும். பத்து வருடத்துக்குள் திரும்ப எரிந்தால் விதை சேரும் முன்பே செடி போய்விடும், பிறகு வெளிநாட்டுப் புல்தான் முளைக்கும். அந்தப் புல் இன்னும் சீக்கிரம் பற்றும்.

தூரத்தில் புகை தெரிந்தால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே யோசித்து வையுங்கள். தீ மேல்நோக்கி வேகமாக ஏறும், அதனால் முகட்டுக்கு ஓடக்கூடாது. அகலமான ஆற்றுப்படுகை, வெறும் கூழாங்கல் மணல், ஏற்கெனவே எரிந்து கருத்த நிலம், இவைதான் ஒதுங்குமிடம்.

இனிப் பாதை. சாலை முடியும் நைரா முகாமிலிருந்து கிளம்பி, மன்ஸானா ஓடையில் மேல்நோக்கி நேரோஸ் முகாம், அங்கிருந்து ஏறி இறங்கி ஒயிட் லெட்ஜ், சவுத் ஃபோர்க் முகாம்கள், பிறகு சிஸ்குவாக் ஆற்றோடு இறங்கி மன்ஸானா ஸ்கூல்ஹவுஸ், கடைசியில் ஓடையோடு நைரா. இதுதான் நீங்கள் சொல்லும் சுற்று, 40 மைலுக்கும் மேல். நான்கு நாளில் முடியாத தூரம் இல்லை. ஆனால் சவுத் ஃபோர்க்குக்குக் கீழே சிஸ்குவாக்கில் இறங்கிவிட்டால் முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஏறக்குறைய ஒரே தொலைவு. நடுவில் குறுக்கே எளிதாக வெளியேற வழி இல்லை. ஸ்கூல்ஹவுஸுக்குக் கீழே ஆற்றோடு போனால் ஊர் வருமே என்று தோன்றும். அங்கே தனியார் பண்ணை நிலம் தொடங்கிவிடுகிறது, அதை வெளியேறும் வழியாக நினைக்காதீர்கள். நடுவில் புதர் மூடியிருந்தாலோ கணுக்கால் சுளுக்கினாலோ தனி ஆளுக்கு நல்ல தேர்வு எதுவும் மிஞ்சாது.

அதற்குப் பதில் நான் சொல்வது இது. முதல் நாள் நைராவிலிருந்து ஓடையோடு இறங்கி ஸ்கூல்ஹவுஸ், சுமார் 9 மைல். ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கும், காலணி நனையட்டும், கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். இரண்டாம் நாள் பாரத்தைக் குறைத்துக்கொண்டோ, முழுப் பேக்கோடோ சிஸ்குவாக்கில் மேல்நோக்கிப் போங்கள். எவ்வளவு தூரம் என்பதை அன்றைய பாதை முடிவு செய்யட்டும். மூன்றாம் நாள் அதே வழியில் திரும்பி இடையில் ஒரு முகாம், நான்காம் நாள் நைரா. இந்தத் திட்டத்தின் பெரிய பலம், திரும்பி வரும் வழி நீங்கள் நேற்று நடந்த வழி. எந்த வளைவில் தண்ணீர் இருந்தது, எங்கே புதர் மூடியிருந்தது, எத்தனை மணி ஆனது எல்லாம் தெரியும். தனியாக நடப்பவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்தக் கருவியும் தராது. போய்வருகிற பாதை சலிப்பு தரும் என்று நினைக்காதீர்கள். எதிர்த்திசையில் நடக்கும்போது வெயில் வேறு பக்கம் விழும், மலை வேறாகத் தெரியும்.

அந்த ஸ்கூல்ஹவுஸ் உண்மையிலேயே பள்ளிக்கூடம்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கில் பல குடும்பங்கள் குடியேறி விவசாயம் பார்த்தன. அவர்கள் கட்டிய மரக் கட்டடம் இன்னும் நிற்கிறது. தொடர்ந்து வந்த வறட்சி அவர்களைக் கிளப்பிவிட்டது. கட்டடத்தைப் பாருங்கள், உள்ளே படுக்காதீர்கள். இந்தப் பக்கத்துப் பழைய மரக்குடில்களில் மான் எலி குடியிருக்கும். அதன் எச்சமும் சிறுநீரும் காய்ந்து தூசியாகி மூச்சில் போனால் ஹான்டா வைரஸ் தொற்றலாம். அரிதுதான், ஆனால் வந்தால் நுரையீரலைத் தாக்கும் கடுமையான நோய்.

ஹரிகேன் டெக் என்ற நீண்ட மணற்பாறை முகடு பள்ளத்தாக்குக்கு மேலேயே தெரியும். படங்களில் பார்த்தால் ஆசை வரும். முகடு நெடுக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது. தனியாக முதல் பயணத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

நைரா போய்ச் சேருவதே சில வருடம் சிக்கல். சாலை ஓடைகளைக் கடந்து போகிறது, பெருமழைக்குப் பிறகு அடைத்துவிடுவார்கள். 2023 ஜனவரிப் புயல் மழையில் லாஸ் பாட்ரெஸ் காட்டுச் சாலைகள் பல இடத்தில் அடித்துக்கொண்டு போய், காட்டையே கொஞ்ச காலம் மூடி வைத்திருந்தார்கள். மழை எதிர்பார்க்கப்படும் வாரத்தில் போகாதீர்கள். இரவில் மேலே பெய்தால் காலையில் ஓடையைக் கடக்க முடியாமல் போகலாம். அப்படி மாட்டினால் காத்திருங்கள், மழை விட்டால் சின்ன ஓடைகள் ஒரு நாளில் இறங்கிவிடும். அதற்காகத்தான் ஒரு நாள் உணவு கூடுதலாக எடுத்துப் போவது.

ஏப்ரல் நல்ல தேர்வு. பகல் 20லிருந்து 30 டிகிரி, இரவில் ஆற்றுப் பள்ளத்தில் உறைநிலையைத் தொடலாம். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும், அதனால் ஓடைக்கு ஐம்பது, அறுபது அடி மேலே உள்ள திட்டில் படுத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மே கடைசிக்கு மேல் கண்ணையே சுற்றும் சின்ன ஈக்களும் வெயிலும் சேர்ந்து வாட்டிவிடும். ஜூனிலிருந்து அக்டோபர்வரை போக வேண்டாம்.

நீங்கள் கேட்ட பாம்பு. ராட்டில் ஸ்நேக் உண்டு, ஏப்ரலில் வெளியே வரும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள், அது எச்சரிப்பது உங்கள் காதுக்குத்தான். பார்க்காத இடத்தில் கையையோ காலையோ வைக்காதீர்கள். விழுந்த மரத்தைத் தாண்டும்போது அதன்மேல் ஏறி நின்று மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, கட்டுப்போடுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, சாட்டிலைட் கருவியில் எஸ்.ஓ.எஸ். அவசரப் பொத்தானை அழுத்தி, நிழலில் அசையாமல் இருங்கள். மருத்துவமனையில் தரும் விஷமுறிவு மருந்து மட்டும்தான் வைத்தியம். கரடி உண்டு, பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். உணவைக் கெட்டியான டப்பாவில் வைத்தால் கரடிக்கும் ஆயிற்று, அதைவிடத் தொல்லை தரும் எலிக்கும் ஆயிற்று. மலைச்சிங்கத்தைப் பார்ப்பதே அபூர்வம். பார்த்தால் ஓடாமல், முதுகு காட்டாமல், கையைத் தூக்கிப் பெரிதாக நின்று சத்தம் போடுங்கள்.

பாம்பைவிட உங்களுக்குக் கட்டாயம் தொல்லை தரப்போவது பாய்சன் ஓக். மூன்று மூன்றாக இலை, ஏப்ரலில் பளபளவென்று பச்சையும் சிவப்புமாக, ஓடையோரம் முழுக்க. நம் ஊரில் சலவைத் தொழிலாளிகள் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை பட்டால் தோல் எப்படிப் பொங்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டும் மாமரம், முந்திரி சேர்ந்த ஒரே குடும்பம், எரிக்கும் எண்ணெயும் கிட்டத்தட்ட ஒரே வகை. மாங்காய்ப் பால் பட்டால் உங்களுக்குக் கொப்புளம் வரும் என்றால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை கட்டாயம். பட்டது தெரிந்த உடனே, பத்து இருபது நிமிடத்துக்குள், சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கழுவும் நீரை ஓடையில் விடாமல் தள்ளிப் போய் ஊற்றுங்கள், சிஸ்குவாக்கில் அழிவின் விளிம்பில் இருக்கும் தேரைகள் உண்டு. இதன் குச்சி விறகில் கலந்தால் புகையும் நுரையீரலை எரிக்கும்.

உண்ணி இன்னொன்று. பாதையோரப் புல் நுனியில் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மாலையில் அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். லைம் நோய் இங்கே கிழக்குக் கரை அளவுக்கு இல்லை. அதற்கு ஒரு காரணம் பாறைமேல் தலையாட்டிக்கொண்டிருக்கும் நீலவயிற்று ஓணான். இளம் உண்ணிகள் அதன் இரத்தத்தைக் குடித்தால் உள்ளே இருக்கும் லைம் கிருமி செத்துவிடுகிறது.

மேலே பார்க்கவும் மறக்காதீர்கள். கலிபோர்னியா காண்டோர் பறக்கும் வானம் அது. 1982இல் உலகத்தில் 22 பறவைதான் மிச்சம். 1987இல் கடைசியாகக் காட்டிலிருந்த பறவையையும் பிடித்துக் கூண்டில் வளர்த்து, 1992இலிருந்து மறுபடி விட்டார்கள். இறக்கை விரித்தால் ஒன்பது அடிக்கு மேல், அதில் எண் எழுதிய அட்டை தெரியும். தாய்ப்பறவைகள் பாட்டில் மூடி, கண்ணாடித் துண்டு போன்றவற்றைப் பொறுக்கிக் குஞ்சுக்கு ஊட்டிவிடுகின்றன, அதனால் குஞ்சு செத்துவிடலாம். மிட்டாய்க் காகிதத்தின் கிழிந்த மூலைகூட உங்கள் பையோடு திரும்பி வரட்டும்.

கடைசியாக வீட்டில் உள்ளவர்கள். அவர்கள் பயம் நியாயமானது, அதற்குச் சரியான பதில் வாய்ச்சமாதானம் இல்லை, ஒரு தாள். நைராவிலிருந்தே செல்போன் சிக்னல் இருக்காது, அதனால் சாட்டிலைட் தொடர்புக் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். புதிய ஐபோன்களிலும் அவசரச் செய்தி போகும், ஆனால் குறுகிய பள்ளத்தில் வானம் தெரியாவிட்டால் எந்தக் கருவியும் நேரம் எடுக்கும். தினமும் இரவு ஒரு செய்தி அனுப்புவதாகச் சொல்லுங்கள். செய்தி வராவிட்டால் உடனே பதற வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தாளில் எழுத வேண்டியவை: எந்த இரவு எந்த முகாம், கார் நம்பர், கார் நிற்கும் இடம், சட்டை நிறம், டென்ட் நிறம். அதன் கீழே, இந்தத் தேதி இந்த மணிக்குள் என் குரலைக் கேட்காவிட்டால் சாண்டா பார்பரா கவுண்ட்டி ஷெரீப்பைக் கூப்பிடு என்று தெளிவாக ஒரு வரி. தேடுதல் வேலை அவர்கள் பொறுப்பு. அந்த நேரத்தை நீங்கள் வெளியே வர நினைக்கும் நேரத்திலிருந்து ஒரு முழு நாள் தள்ளி வையுங்கள். தாளில் எழுதிய வழியை விட்டு விலகாதீர்கள், விலகினால் அதைச் செய்தியாக அனுப்பிவிட்டு விலகுங்கள்.

உங்களுக்கென்றும் இரண்டு எல்லையை அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் தண்ணீர் பாதியானபோது அடுத்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கடைசித் தண்ணீருக்குத் திரும்பிவிடுவது. ஒரு மணி நேரத்தில் அரை மைல்கூட நகரவில்லை என்றாலும் திரும்பிவிடுவது. வீட்டு மேசையில் குளிர்ந்த தலையோடு எழுதியதை, வெயிலில் களைத்து நிற்கும் நேரத்தில் மறுபடி விவாதிக்காதீர்கள். கூட ஒருவர் இருந்தால் அவர் போதும் என்று சொல்வார். தனியாக இருக்கும்போது அந்தத் தாள் சொல்லட்டும்.

திரும்பி வந்ததும் காரில் ஏறும் முன் உடையை மாற்றி, போட்டிருந்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். பாய்சன் ஓக் எண்ணெய் துணியிலும் ஷூ கயிற்றிலும் பேக் பட்டையிலும் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். வீட்டுத் துணியோடு சேர்க்காமல் சுடுதண்ணீரில் தனியாகத் துவைத்து, ஷூவையும் கைப்பிடித் தடிகளையும் கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள்.